கொக்குக்கு இடப்பக்கம் நின்ற கல்

பீர் முகமது தோல் மண்டியில் எவ்வளவு கறாரோ, படத்திலும் அவ்வளவு கறார். திண்டுக்கல் போட்டோக்காரர்களின் வாட்ஸ்அப் குழுவில் யார் பறவைப் படம் போட்டாலும் அக்குவேறு ஆணிவேறாகப் பிரித்து மேய்ந்துவிடுவார். திட்டு வாங்கியவர்களே பிறகு நன்றி சொல்வார்கள். அவர் சொன்னது சரியாகத்தான் இருக்கும்.

அவர் மனைவி பாஸிலாவுக்கு மட்டும் அந்தத் திட்டு கிடைத்ததே இல்லை. ஞாயிற்றுக்கிழமைகளில் எரியோடு ஊர்ப் பக்கத்துக் குளங்களுக்கு கேமரா ஸ்டாண்டையும் டீ பிளாஸ்க்கையும் சுமந்துகொண்டு அவளும் போவாள். அவர் ஒதுக்கிப்போட்ட பழைய கேமராவில் அவளும் எடுப்பாள். காட்டினால் "நல்லாருக்கு" என்பார், சரியாகப் பார்க்காமலே. அந்த "நல்லாருக்கு"வைக் கேட்டாலே அவளுக்குப் பற்றிக்கொண்டு வரும். தனக்குப் படம் எடுக்க வருகிறதா இல்லையா என்று உண்மையைச் சொல்ல அவரைவிட்டால் ஆள் கிடையாது. அந்த மனுஷனோ மற்றவர்களுக்கு வாய் வலிக்கப் பேசுவார், வீட்டில் ஒரு சொல்லோடு முடித்துவிடுவார்.

போனில் சும்மா கிடந்த இரண்டாவது சிம்மில், ரூபி என்ற பெயரில் அவளும் குழுவில் சேர்ந்தாள். போன ஞாயிறு எடுத்த கொக்குப் படத்தைப் போட்டாள்.

கூடத்தில் உட்கார்ந்து அவர் வாய்ஸ் மெசேஜில் பதில் பேசியது அடுப்படிக்கு நேராகவே கேட்டது. பிறகு போனிலும் வந்தது.

"ஏம்மா ரூபி, கொக்கு எந்திரிக்கிற நேரத்தைச் சரியாப் புடிச்சிருக்க. ஆனா தண்ணி நெசமாவே இம்புட்டுப் பச்சையாவா இருந்துச்சு? கலரைக் குறை. அப்புறம், இடப்பக்கம் மங்கலா ஏதோ கல்லு நிக்குதே, கண்ணு அங்கதான் ஓடுது. அதை வெட்டு."

பாஸிலாவுக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. அவள் செய்த ஒன்றைப் பற்றி அவர் இவ்வளவு பேசியது இதுதான் முதல் தடவை. கலரை உடனே குறைத்தாள். கல்லிடம் வந்தபோதுதான் கை தயங்கியது. அது கல் இல்லை. குந்தியிருந்து கால் மரத்துப்போய்ச் சட்டென்று எழுந்த பீர் முகமதுவின் முதுகு. கொக்கு பயந்து எழும்பியதே அதனால்தான்.

ஆனாலும் வெட்டி, குழுவில் மறுபடி போட்டாள். "இப்பத்தான் இது படம்" என்று பதில் வந்தது.

மறுநாள் மதியம் சோறு போடும்போது போனை நீட்டினார். "ரூபின்னு ஒரு பொண்ணு எடுத்திருக்கு பாரு. நீயும்தான் என்கூட வார, இப்படி ஒண்ணு எடுத்திருக்கியா?"

அவள் கரண்டியை வைத்துவிட்டுத் தன் போனில் வெட்டாத படத்தை எடுத்தாள். இடப்பக்கத்தைப் பெரிதாக்கி அவர் முன்னால் வைத்தாள்.

"இந்தக் கல்லு கட்டம்போட்ட சட்டை போட்டிருக்கு பாருங்க."

அவர் பார்த்தார். தன் சட்டையை, தொப்பியை, பிறகு அவளை. சோறு ஆறிக்கொண்டிருந்தது. இப்போது "நல்லாருக்கு" என்று சொல்லிவிடுவாரோ என்று பாஸிலாவுக்குப் பயமாக இருந்தது.

அவர் மூக்குக்கண்ணாடியைப் போட்டுக்கொண்டு படத்தை ஓரம் ஓரமாகத் தள்ளிப் பார்த்தார்.

"நானா இருந்தாலும் இடைஞ்சல்தான். வெட்டுனது சரி," என்றார். "எறக்கை வெளிறிப் போச்சு. வெயில் ஏறுறதுக்கு முன்னாடி எடுத்திருக்கணும்."

அவள் கண் கலங்கிவிட்டது. காட்டிக்கொள்ளாமல், நாற்காலியை இழுத்து அவர் பக்கத்தில் போட்டு உட்கார்ந்தாள்.

"அன்னைக்கு லேட்டா எந்திரிச்சது யாரு?" என்றாள். "சரி, வேற என்ன தப்பு? சொல்லுங்க."