மேலுதட்டில் பொன்னிறம்

நூல் வெளுக்கும் தொட்டியருகே சண்முகசுந்தரி வெகுநேரம் உட்கார்ந்திருந்தாள். அண்ணன் சங்கரநயினார் நெய்த வேட்டிகளை ஒப்படைக்க நெசவாளர் சங்கத்துக்குப் போயிருந்தான். அவன் திரும்புவதற்குள் முடித்தாக வேண்டும். நாளைக் காலையில் புளியங்குடியிலிருந்து பெண் பார்க்க வருகிறார்கள்.

ஆவணியில் வாசுதேவநல்லூர்க்காரர்கள் வந்தார்கள். பலகாரம் சாப்பிட்டார்கள். படியிறங்கும்போது ஒருத்தி, "மாப்பிள்ளைக்கு இப்பதான் மீசை அரும்புது, பொண்ணு முந்திக்கிட்டா" என்றாள். கூட வந்தவர்கள் சிரித்தார்கள். அதற்குப் பின் அவர்களிடமிருந்து பதில் இல்லை. சண்முகசுந்தரி கஸ்தூரி மஞ்சளை இழைத்துப் பூசிப் பார்த்தாள். மேலுதட்டு முடியின் கருமை அப்படியே இருந்தது.

பழுப்பு நூலை வெள்ளையாக்குகிற பிளீச்சிங் பவுடர் இதையும் வெளுக்காதா என்ற எண்ணம் எப்போது வந்தது என்று அவளுக்கு நினைவில்லை. வந்தது போகவில்லை.

"ஏட்டி, வேண்டாம்" என்றாள் மதினி முத்துத்தாய், தறியை விட்டு எழாமலே. "கூடக் கொஞ்ச நேரம் ஊறுனா நூலே பொடிஞ்சு போவுது. இது மூஞ்சி."

"கொஞ்ச நேரந்தான் மதினி."

"உங்க அண்ணன் கேட்டா நான் என்ன சொல்ல?"

"உங்க தங்கச்சி மீசையை எடுத்துட்டாள்னு சொல்லுங்க."

முத்துத்தாய் சிரிக்கவில்லை.

சண்முகசுந்தரி தூளைக் குழைத்துத் துணியில் தொட்டு உதட்டுக்கு மேல் வைத்தாள். நெடியில் கண் கலங்கியது. முதலில் குளிர்ந்தது, பிறகு எரிந்தது. எரிவதே வேலை செய்வதற்கு அடையாளம் என்று பொறுத்தாள். நூல் வெளுத்தது போதுமா என்று அண்ணன் ஓர் இழையை இழுத்து அறுத்துப் பார்ப்பான். சர்க்கார் கட்டுப்பாட்டில் நூல் அளந்து கிடைக்கிற காலம். ஒரு சிட்டம் நூல் பொடிந்தால் அன்று அவன் சாப்பிடமாட்டான். முகத்தில் எதை இழுத்துப் பார்ப்பது? அவள் துணியை இன்னும் அழுத்திக்கொண்டாள். முத்துத்தாய் ஓடிவந்து செம்புத் தண்ணீரை முகத்தில் ஊற்றினாள்.

கண்ணாடியில் முடி பொன்னிறமாகி, இருப்பதே தெரியவில்லை. அடியில் தோல் சிவந்து, ஓர் ஓரம் கொப்புளித்திருந்தது.

மறுநாள் மாப்பிள்ளையின் தாயார் சங்கரம்மாள் முதலில் பார்த்தது அதைத்தான். "உதட்டுல என்ன?"

"பால் பொங்கி ஆவி அடிச்சிட்டு" என்றாள் முத்துத்தாய்.

சங்கரம்மாள் சண்முகசுந்தரியின் முகவாயைப் பிடித்து வெளிச்சத்துக்குத் திருப்பினாள்.

"ஆறிரும்" என்றாள் சங்கரம்மாள். "முகம் துடைச்சு வச்ச மாதிரி இருக்கு. மூத்த மருமகளுக்கு இந்த எடத்துல கருகருன்னு கெடக்கும். கல்யாணத்துக்குப் பொறவுதான் எங்களுக்குத் தெரிஞ்சுது. மாசியில இருந்து அவ பொறந்த வீட்டுலதான் கெடக்கா." பிறகு பூவை எடுத்து இவள் தலையில் வைத்தாள். "தையில வச்சுக்கிடுவோம்."

அண்ணன் வெகுநாளைக்குப் பிறகு சிரித்தான். வண்டி தெருவைத் தாண்டும்வரை வாசலிலேயே நின்றான்.

சண்முகசுந்தரி அடுக்களைக்குள் மதினியின் பக்கத்தில் வந்து நின்றாள்.

"மதினி, அது திரும்ப முளைச்சுக் கறுக்கும்லா?"

முத்துத்தாய் தட்டுகளைக் கழுவிக்கொண்டிருந்தாள்.

"அவுக வீட்டுல தறி இருக்கா?" என்று மறுபடி கேட்டாள் சண்முகசுந்தரி.

"இல்லட்டி. எலுமிச்சம்பழ மண்டிதான்."

"அப்ப இந்தத் தூள் வேணும்னா, எதுக்குன்னு கேப்பாகளே."

முத்துத்தாய் கழுவிய தட்டையே மறுபடி கழுவினாள். முற்றத்தில் அண்ணன் தையில் வரும் முகூர்த்த நாட்களை யாரிடமோ உரக்கக் கேட்டுக்கொண்டிருந்தான்.