மலைக்கு அனுப்பாத மகன்

இந்தக் காலத்து ஆட்களுக்கு எதைத் தொட்டாலும் நோய்தான். காய்ச்சல் வந்தால் காய்ச்சல், கால் உடைந்தால் கால், அது ஞாயம். இப்போது என்னடாவென்றால் சுவரைப் பார்த்துப் படுத்துக்கொள்கிறான், கேட்டால் மனசு சரியில்லை என்கிறான், அதற்கும் டாக்டரைப் பார்க்க வரிசையில் உட்கார வேண்டியிருக்கிறது. போடியில் ஆஸ்பத்திரி பெஞ்சில் உட்கார்ந்து ஜக்கையன் இப்படித்தான் கறுவிக்கொண்டிருந்தார். பக்கத்தில் அவருடைய ஒரே மகன் அழகுமலை. அவனுக்கு அந்தப் பக்கம் அவன் பெண்டாட்டி பொன்னுமணி.

அந்த வருசம், எண்பத்து மூன்றில், மழை பொய்த்து, குரங்கணிக்கு மேலே மலையில் இருந்த ஏலச்செடியில் பாதி காய்ந்துபோனது. எல்லாருக்கும்தான் காய்ந்தது. மற்றவன் வானத்தைத் திட்டிவிட்டு மறுபடி நட்டான். அழகுமலை மட்டும் சித்திரையில் கட்டிலில் விழுந்தவன் எழுந்திருக்கவில்லை. சோறு வைத்தால் பிசைந்துவிட்டுக் கை கழுவுவான். பிள்ளை மடியில் ஏறினால் இறக்கிவிடுவான். போன வாரம் பொன்னுமணி பின்னறைக்குப் போனபோது, செடிக்கு அடிக்கிற மருந்து டப்பாவைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு சும்மா உட்கார்ந்திருந்தான். தோட்டத்தில் வைத்தால் திருட்டுப் போகிறதென்று மருந்தை வீட்டில் வைப்பது அந்தத் தெருவில் எல்லாருக்கும் வழக்கம்.

கேட்டவர்களுக்கெல்லாம் வயிற்றுவலி என்று சொல்லிவைத்தார் ஜக்கையன். வைத்தியத்தையும் அவரே முடிவு பண்ணிவிட்டார். மனசு விட்டவனை மலைக்கு அனுப்புவதுதான் அங்கே பழக்கம். காய் உலர்த்தும் ஸ்டோரில் தனியாகக் கிடந்து, குளிரில் விறகு வெட்டி, தானே பொங்கித் தின்றால் எல்லாம் தெளிந்துவிடும். வியாழக்கிழமை ஜீப்புக்குச் சொல்லியாகிவிட்டது. அதற்குள் பொன்னுமணி இங்கே இழுத்து வந்துவிட்டாள்.

டாக்டர் ராஜாராமுக்குக் காலையிலிருந்து ஆள் பார்த்த களைப்பு முகத்திலேயே இருந்தது. என்ன தொந்தரவு என்று அழகுமலையைத்தான் கேட்டார். ஜக்கையன் முந்திக்கொண்டு வயிற்றுவலி என்றார். டாக்டர் தலையாட்டிவிட்டு மறுபடி அழகுமலையையே பார்த்தார். தூக்கம் வருகிறதா, விடிந்ததும் எப்படி இருக்கிறது, பிள்ளை பேர் என்ன என்று ஏதேதோ கேட்டார். வெளியே வரிசை முனகியது. மனுசன் அவசரப்படவில்லை. அதுவே ஜக்கையனுக்கு எரிச்சல். பிறகு டாக்டர் நாற்காலியை முன்னால் இழுத்துப் போட்டு, சாப்பிட்டாயா என்று கேட்கிற குரலில் கேட்டார்.

“செத்துப்போயிரலாம்னு தோணுதா அழகுமலை?”

ஜக்கையன் எழுந்துவிட்டார். “என்ன டாக்டரு, தோணாதவனுக்கும் நீங்களே எடுத்துக் குடுப்பீக போலிருக்கே.”

“கேக்குறதால வந்துறாது பெரியவரே. உள்ள இருந்தா, சொல்றதுக்கு ஒரு ஆளு வேணும்ல. உக்காருங்க.”

அழகுமலை தரையைப் பார்த்துக்கொண்டே இருந்தான். “தோணுது சார்,” என்றான். “சாகணும்னு ஆசை இல்ல. எந்திரிக்கணும்னு நெனைச்சாலே அலுப்பா இருக்கு. எல்லாருக்கும் பாரமாக் கெடக்கேன்.”

சித்திரைக்குப் பிறகு அவன் சேர்ந்தாற்போல இவ்வளவு பேசியது அன்றுதான். பொன்னுமணி முந்தானையை வாயில் வைத்துக்கொண்டாள். டாக்டர் புத்தி சொல்லவில்லை, நீ ஆம்பளை இல்லையா என்று கேட்கவில்லை. சொன்னது நல்லது என்றார். இது நோய், சோம்பேறித்தனம் இல்லை, மெதுவாகத்தான் இறங்கும், ஆனால் இறங்கும் என்றார்.

மாத்திரை எழுதினார். அது வேலை செய்யச் சில வாரமாகும், அதுவரை விட்டுவிடக் கூடாது, மாத்திரை பொன்னுமணி கையில் இருக்கட்டும். செடிமருந்து ஒரு சொட்டுக்கூட வீட்டில் இருக்கக் கூடாது. ஆளைத் தனியாக விடக் கூடாது. வாராவாரம் வரவேண்டும். நடுவில் மோசமானால் வாரம் பார்க்காமல் அப்போதே கூட்டிவர வேண்டும். நர்சு கமர்நிசா அந்தத் தெருப் பக்கம் வரும்போது எட்டிப் பார்ப்பாள்.

வியாழக்கிழமை மலைக்குப் போகிறானே என்றார் ஜக்கையன். தனியாகவா என்று கேட்டார் டாக்டர்.

“தனியா விட்டாத்தான் தெளியும். எத்தன பேரை அனுப்பியிருக்கோம்.”

“போனவங்க எல்லாரும் திரும்பி வந்தாங்களா பெரியவரே?”

வந்தார்கள் என்று வாய் வரைக்கும் வந்தது. அதே தெரு இருளம்மாள் மகன் சோணை வரவில்லை. பாறையில் வழுக்கிவிட்டான் என்று ஊர் சொன்னது, இவரும் சொன்னார். மழையில்லாத மாசத்தில் பாறை எப்படி வழுக்கும் என்று யாரும் கேட்கவில்லை. ஜக்கையன் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு வெளியே வந்துவிட்டார்.

வியாழக்கிழமை விடியலில் ஜீப்பு வந்து ஆரன் அடித்தது. அய்யா சொல்லிவிட்டாரே என்று அழகுமலை சட்டையை மாட்டிக்கொண்டு வாசலில் நின்றான். போக மாட்டேன் என்றும் இல்லை, போகிறேன் என்றும் இல்லை. மூட்டையைப் போல நின்றான். சோணையும் இப்படித்தான் நின்றான், போ என்றதும் போனான். பொன்னுமணி பிள்ளையை இடுப்பில் வைத்துக்கொண்டு மாமனார் முகத்தையே பார்த்தாள்.

“இன்னைக்கு ஆள் இல்லப்பா, போ,” என்று டிரைவரை அனுப்பினார் ஜக்கையன். மகனிடம், “சட்டையக் கழத்துடா. மலை எங்கயும் ஓடிப்போகாது,” என்றார்.

மருந்து டப்பாக்களைச் சாக்கில் போட்டுக் கட்டி, யூனுஸின் ஏலக்காய்க் கடைக்குத் தூக்கிப் போனார். பின்னால் இருக்கும் இருப்பறையில் பூட்டி வை என்றார். காயை விட்டு மருந்து யாவாரத்துக்கு வந்துட்டீகளாண்ணே என்று சிரித்தான் யூனுஸ். வயிற்றுவலி என்று தொடங்கிய ஜக்கையன் பாதியில் நிறுத்தினார்.

“அழகுமலைக்கு மனசு சரியில்லயாம். உயிர் மேல வெறுப்பா இருக்காம். டாக்டரு சொல்றாரு, நான் சொல்லல.”

யூனுஸ் சிரிப்பை நிறுத்தினான். காயில் படாமல் தனி அலமாரியில் வைத்துப் பூட்டினான். சாவியை நீட்டினான்.

“எங்கிட்ட எதுக்கு? நீயே வச்சிரு. நான் வந்து கேட்டாலும் பொன்னுமணி கூட இருந்தாத்தான் குடுக்கணும்.”

அழகுமலை சாயந்தரமாகக் கடைக்கு வந்து காய் பொறுக்கட்டும், பத்துப் பேர் நடுவில் இருப்பான் என்றான் யூனுஸ். எழுந்து வந்தால் பார்க்கலாம் என்றார் ஜக்கையன். டாக்டர் சொன்னபடி செய்தால் தேறிவிடுவான் என்று யூனுஸ் சொன்னதுதான் அவருக்குப் பொறுக்கவில்லை.

“என்னத்த தேறுவான். மாத்திரையத் தின்னுட்டு, ஒருத்தன் பக்கத்துல இன்னொருத்தன் சும்மா உக்காந்திருக்கணுமாம். இது ஒரு வைத்தியமா?”

“பெறகு ஏண்ணே எந்திரிக்கிறீக? டீ சொல்லியிருக்கேன்.”

பொன்னுமணி தண்ணிக்குப் போகிற நேரம், உட்காருகிற முறை தன்னுடையது என்றார் ஜக்கையன். எனக்கு இதில் நம்பிக்கை இல்லை என்று படியிறங்கும்போதும் சொன்னார். டீக்கு நிற்காமல், வாய்க்குள் திட்டிக்கொண்டே, வெயிலில் வெரசாக நடந்தார்.