சிரிக்கக் கூடாத காட்சி

காய்ந்த துணிகளை மடித்துக்கொண்டிருந்தேன். அவர் வந்து எதிரே நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். செருப்பைக்கூடக் கழற்றவில்லை. திருடனைக் கையும் களவுமாகப் பிடித்துவிட்டவரின் திருப்தி முகத்தில்.

"அவன் மாட்டிக்கிட்டான்" என்றார்.

அவன் என்றால் வசன அண்ணன். என் கணவர் எழுதி இயக்கிய எல்லா நகைச்சுவைப் படங்களுக்கும் கூட உட்கார்ந்து வசனம் எழுதியவர். என்னைத் தங்கச்சி என்றுதான் கூப்பிடுவார். கடைசி இரண்டு படங்களுக்குத் தியேட்டரில் ஈ ஓட்டினார்கள். கதை பேசும் டிஸ்கஷன் அறையில் எல்லோரும் விழுந்து விழுந்து சிரித்த காட்சிக்கு வெளியே ஒரு ஆள்கூடச் சிரிக்கவில்லையே, ஏன்? சம்பளத்துக்குச் சிரித்திருக்கிறார்கள் என்று இவர் முடிவு கட்டிவிட்டார். அன்றிலிருந்து வீட்டிலும் ஒரு ஜோக் சொன்னால் போலீஸ்காரர் மாதிரி எங்கள் முகத்தையே பார்ப்பார். மகள் சிரித்தால், "என்ன, கைச்செலவுக்குப் பணம் வேணுமா?" சிரிக்காவிட்டால், "உங்க அம்மா சொல்லிக்குடுத்தாளா?" இந்த வீட்டில் வாயை எப்படித்தான் வைத்துக்கொள்வது?

"வேணும்னே ஒரு மொக்கைக் காட்சி எழுதினேன். சிரிப்பே வரக்கூடாதுன்னு யோசிச்சு யோசிச்சு எழுதினது. இன்னைக்கு டிஸ்கஷன்ல படிச்சேன். மத்தவங்க சும்மா பல்லைக் காட்டினாங்க. இவன் கண்ணுல தண்ணி வர்ற மாதிரி சிரிக்கிறான்! என்னா நடிப்புங்கறே! நாளைக்கு வர வேண்டாம்னு சொல்லிடப் போறேன்."

இத்தனை வருஷத்துக் கூட்டாளியே துரத்திவிட்டால் அண்ணனை வேறு யார் சேர்த்துக்கொள்வார்கள்? ஆனாலும் சொல்லத்தான் வேண்டும், எனக்கும் அண்ணன்மேல் லேசாகச் சந்தேகம் வந்தது. போன படத்தையும் ஆகா ஓகோ என்று தூக்கிவைத்தவர்தானே.

"அப்படி என்ன காட்சி? சொல்லுங்க."

"ஒருத்தன் பக்கத்து வீட்டுக் குடையைத் திருப்பிக் குடுக்கப் போறான். அது எங்களுதே இல்லைங்கறாங்க அவங்க. இல்ல, உங்களுதுதாங்கறான் இவன். ரெண்டு பக்கமும் மரியாதையாத்தான் பேசறாங்க. உட்காரச் சொல்லி டீ குடுக்கறாங்க. கடைசியில வெளிய வரும்போது இவன் கையில ரெண்டு குடை. அவ்வளவுதான். அடி இல்ல, உதை இல்ல, ஒருத்தனும் வழுக்கி விழல. இதுல சிரிக்க என்னடி இருக்கு?"

இரண்டு குடையோடு அந்த மனுஷன் வாசலில் நின்று முழிப்பது என் கண்முன் வந்துவிட்டது. குபீரென்று சிரித்துவிட்டேன். அடக்கப் பார்த்ததில் புரையேறி, கையிலிருந்த சட்டை கீழே விழுந்தது.

நிமிர்ந்தால், அவர் என்னையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"போன் பண்ணிட்டானா?"

"யாரு?"

"உங்க அண்ணன். முன்னாடியே சொல்லி வெச்சுட்டானா?"

"ஐயோ, அதெல்லாம் இல்லீங்க. நெஜமாவே நல்லா இருக்கு."

"நல்லா இருக்கக் கூடாதுன்னுதானே எழுதினேன்!"

கோபமாகத்தான் சொன்னார். சொன்னது தன் காதிலேயே விழுந்தபிறகு அவர் முகம் செத்துப்போனது. அண்ணனைச் சந்தேகப்பட்டாயிற்று, என்னைச் சந்தேகப்பட்டாயிற்று. மிச்சம் இருந்தது ஒரே ஆள். எனக்குப் பாவமாக இருந்தது. தோளைத் தொடப் போனேன். அவர் எழுந்து உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டார்.

கொஞ்ச நேரத்தில் அறைக்குள் பேச்சுக்குரல் கேட்டது. பக்கத்து வீட்டுக்காரருக்கு ஒரு குரல், குடைக்காரனுக்கு ஒரு குரல். ஒரு வரி சொல்வார். சிரிப்புக்கு இடம் விட்டுக் காத்திருப்பார். பிறகு அதே வரியை இன்னும் மெதுவாகச் சொல்வார்.

"இங்கயா?" என்று தன்னையே கேட்டுக்கொண்டார். "இங்கயா சிரிச்சான்?"

குடைக்காரன் மறுபடியும் விடாப்பிடியாகக் குடையை நீட்டினான். முன்பைவிட மரியாதையாக. கதவுக்கு இந்தப்பக்கம், சத்தம் வெளியே வந்துவிடாமல் இரண்டு கையாலும் வாயைப் பொத்திக்கொண்டு நின்றேன்.