பன்றி கழுவும் மாப்பிள்ளை

"வெங்காயமே உள்ள வராத வீடு எங்களுது! பன்னி கழுவுற கைக்கா பொண்ணக் குடுப்பேன்?" என்று கத்தினார் தரணேந்திரன்.

"சத்தம் போடாதீங்க அண்ணா. என் புள்ள எண்ணெய்க் கம்பெனியில குழாய் வேலை பாக்குறான்," என்றாள் கனகலதா.

"பன்னின்னு அவனே எழுதியிருக்கான். தெருவே சொல்லுது!"

தெரு என்று அவர் சொன்னது என்னைத்தான். கனகலதாவுக்கு நான் அடுத்த வீட்டுக்காரி. அவள் கடைக்குப் போயிருந்த நேரம் தபால்காரர் அவளுக்கு வந்த அஞ்சலட்டையை என்னிடம் கொடுத்தார். மூடாத கடிதம். படிக்காமல் இருக்க நான் என்ன முனிவரா?

குஜராத்தில் வேலை பார்க்கும் அவள் மகன் நேமிநாதன் எழுதியிருந்தான்: 'அம்மா, நலம். இங்கே எனக்குப் பன்றியோடுதான் வேலை. காலையில் விட்டால், சாயங்காலம் வந்து சேரும்வரை அதையே கவனிக்க வேண்டும். நேற்று ஒரே அழுக்கோடு வந்தது. நான்தான் கழுவினேன்.'

தையில் அவனுக்கும் தரணேந்திரன் மகள் குணமதிக்கும் கல்யாணம் என்று பேச்சு. இரண்டுமே எறும்பைக்கூட மிதிக்காத ஜைனக் குடும்பம். தண்ணீர்க் குழாயடியில் சரசுவிடம் மட்டும்தான் சொன்னேன். மறுநாளே தரணேந்திரன் வந்து நின்றுவிட்டார்.

கனகலதா அழுதுகொண்டே மகனுக்கு எழுதிக் கேட்டாள். மூன்று வாரம் கழித்துப் பதில் அட்டை வந்தது. அதையும் படித்தேன்.

'அது உயிருள்ள பன்றி இல்லை அம்மா. ரப்பர் வளையம் போட்ட இரும்பு உருளை. குழாய்க்குள் விட்டால் எண்ணெய் அதைத் தள்ளிக்கொண்டு போகும். படிந்த கசடையெல்லாம் வழித்துவிடும். போகும்போது கிறீச்சென்று கத்துவதால் இங்கிலீஷில் பன்றி என்றே பெயர் வைத்திருக்கிறார்கள். நடுவில் சிக்கிக்கொண்டால் ஆபத்து. அதனால் நான் ஜீப்பில் முன்னால் போய், குழாய் வெளியே தெரிகிற இடத்தில் காதை வைத்துக் காத்திருப்பேன். சுற்றிலும் பொட்டல். அது கடக்கிற சத்தம்தான் நாள் முழுக்க எனக்குப் பேச்சுத் துணை. குணமதியிடம் சொல்லுங்கள்.'

முதல் அட்டையின் சேதி சாயங்காலத்துக்குள் ஏழு வீடு போயிருந்தது. இந்தச் சேதி என் வாசலைத் தாண்டவில்லை. சுவாரஸ்யம் கம்மி, வேறென்ன?

கனகலதா அட்டையை எடுத்துக்கொண்டு தரணேந்திரன் வீட்டுக்கு ஓடினாள். துணைக்கு நானும் போனேன்.

"நேத்துதான் ஆரணி பாத்திரக்கடைக்காரங்களோட தாம்பூலம் மாத்துனோம். இனிமே அது இரும்பா இருந்தா என்ன, தங்கமா இருந்தா என்ன?" என்றார் தரணேந்திரன். குரல் இறங்கியிருந்தது.

குணமதி அட்டையை வாங்கி இரண்டு முறை படித்தாள். "அவருக்கு அங்க தமிழ் பேச ஒருத்தருமே இல்லியா அத்தை?" என்று மட்டும் கேட்டாள். கனகலதா இல்லையென்று தலையாட்டினாள். அந்தக் கேள்வியை நான்கூடக் குழாயடிக்குக் கொண்டுபோகவில்லை என்றால் பாருங்கள்.

அதெல்லாம் எழுபத்தெட்டில். குணமதிக்கு ஆரணியில் கல்யாணமாகி இரண்டு பிள்ளைகள். நேமிநாதன் கட்டிக்கொள்ளவே இல்லை. எண்பத்தொன்றில் வந்து அம்மாவையும் குஜராத்துக்கே கூட்டிப்போனான். வீட்டைப் பூட்டும்போது என்னைப் பார்த்துச் சிரித்தான்.

"உங்க பேருக்கே ஒரு கார்டு போடறேங்க்கா. மொதல்ல நீங்களே படிக்கலாம்."

இன்னும் வரவில்லை. தபால்காரரிடம் கேட்டுக்கொண்டுதான் இருக்கிறேன்.