நாற்பது இருநூறானபோது

மருத்துவமனையின் கம்ப்யூட்டர் அறையில் அவளை எல்லோரும் கண்ணாடியக்கா என்றுதான் கூப்பிடுவார்கள். பரிசோதனை, ரத்தம், ஆபரேஷன் என்று எந்த அனுமதியும் அவள் பார்த்துக்கொள்ளும் மென்பொருள் வழியாகத்தான் ஒரு மேசையிலிருந்து அடுத்த மேசைக்குப் போகும். அது ஆமை மாதிரி நகர்கிறது என்று டாக்டர்கள் திட்டித் தீர்த்தார்கள். ஒரே நேரத்தில் நாற்பது வேலை என்று இருந்த அமைப்பை, யாரிடமும் கேட்காமல், முந்தின நாள் இருநூறாக்கிவிட்டாள்.

காலை பத்தரைக்கு எல்லாம் அப்படியே நின்றுபோனது.

ரத்த வங்கிப் பெண் போனில் அலறினாள். "அக்கா, பிரசவ வார்டுல ஒருத்திக்கு ரத்தப்போக்கு நிக்கல. ரத்தப் பையை எடுத்து வெச்சுட்டேன், சிஸ்டம் லேபிள் அடிக்க மாட்டேங்குது, லேபிள் இல்லாம குடுக்கக் கூடாது!"

"ரெண்டே நிமிஷம்மா."

இருநூறை முந்நூறாக்கினாள். இன்னும் மோசம். மறுபடி போன். மறுபடி "ரெண்டே நிமிஷம்". எதை எதையோ மாற்றிப் பார்த்தாள். கடைசியில்தான் பிழைப் பதிவில் அந்த வரி கண்ணில் பட்டது: தகவல் கிடங்கு ஒரே சமயத்தில் ஐம்பது இணைப்புகளைத்தான் தாங்கும். ஒவ்வொரு வேலைக்கும் ஓர் இணைப்பு வேண்டும். மேலாளரிடம் ஓடினாள்.

"சார், பிரசவ வார்டுல ஒரு பொண்ணுக்கு ரத்தம் போகாம நிக்குது. நாற்பதுக்கே இறக்கிட்டு ரீஸ்டார்ட் பண்ணணும். எட்டு நிமிஷம் ஆகும்."

"யாரு ஏத்துனது?"

"நான்தான் சார்."

"அதை அப்புறம் பேசிக்கலாம். அந்தப் பொண்ணுக்கு எட்டு நிமிஷம் இருக்கா?"

அப்போதுதான் அவளுக்கு உறைத்தது. போனை எடுத்தாள். "லேபிளைக் கையால எழுதும்மா. டாக்டர்கிட்ட கையெழுத்து வாங்கிட்டுக் குடுத்துடு. பொறுப்பு என் மேல."

"இதை இருபது நிமிஷத்துக்கு முன்னாடியே சொல்லியிருக்கக் கூடாதா அக்கா?" என்றது மறுமுனை.

எட்டாவது நிமிஷம் மென்பொருள் ஒன்றுமே நடக்காதது போல ஓட ஆரம்பித்தது. தேங்கிக் கிடந்த அனுமதிகள் மளமளவென்று போயின. அவள் திரையைப் பார்க்கக்கூட இல்லை, பிரசவ வார்டுக்குப் படியில் இறங்கிக்கொண்டிருந்தாள்.

தாய் பிழைத்துக்கொண்டாள். கர்ப்பப்பையைத்தான் எடுக்க வேண்டியதாகிவிட்டது.

"அந்த இருபது நிமிஷத்தாலயா டாக்டர்?"

"சொல்ல முடியாதும்மா. முன்னாடியே குடுத்திருந்தாலும் எடுத்திருக்கலாம். எடுக்காமலும் இருந்திருக்கலாம்."

வார்டு வாசலில் குழந்தையைத் துணியோடு ஏந்தி நின்ற கணவன் அவளிடம் கேட்டான். "நீங்க யாரைப் பார்க்கணும் மேடம்?"

நடந்ததைச் சொல்ல வார்த்தை வாய்வரை வந்தது. வெளியே வரவில்லை.

"யாரையும் இல்லைங்க," என்றாள். ஆனாலும் அங்கேயே நின்றாள்.