எல்லாருக்கும் திறந்த சர்வர்

தொண்ணூற்றெட்டுத் தீபாவளிக்கு மறுநாள், மலாக்கா டவுனில் மருதமுத்துவின் கம்ப்யூட்டர் கடையில், யார் வேண்டுமானாலும் வந்து சாப்பிட்டுப் போகும் திறந்த இல்ல விருந்து. வருகிறவர்கள் கம்ப்யூட்டரில் வாழ்த்து எழுதிவைக்க வேண்டும் என்று அவருக்கு ஆசை.

"எல்லாம் நம்ம ஆளுங்கதானே தேவி, சர்வரையும் தொறந்து விடு லா!"

கடையின் லினக்ஸ் சர்வரைப் பார்த்துக்கொள்பவள் தேவிஸ்ரீ. ஒரு ஃபோல்டரைத் திறந்தால் போதும். முறுக்குத் தட்டும் கையுமாய் நின்ற மகராசி, உச்சியிலிருந்து அடிவரை எல்லா ஃபைலிலும் யாரும் எழுதலாம் என்று பெர்மிஷன் கொடுத்துத் தொலைத்தாள்! அன்று மாலை சர்வரை ஒருமுறை அணைத்து மறுபடி போட்டார்கள்.

அவள் மனசு அங்கே இல்லை, பாவம். அண்ணன் திலீபன் எண்ணெய்க் கப்பலில் வேலை செய்கிறான். அப்பா காரியத்துக்கு அவன் வராததற்கு இவள் வாய்க்கு வந்தபடி திட்டியதிலிருந்து பேச்சு வார்த்தை இல்லை. இப்போது இவளே இறங்கிவந்து, "வீட்டுக்கு வாண்ணே" என்று மெயில் போட்டிருந்தாள்.

விடுமுறையிலும் கடைக்கு வந்து பார்த்தாள். மெயில் பெட்டி காலி. வெளியே ஓயாத மழை. மோடத்தின் பச்சை விளக்கைப் பார்த்தபடியே கண் சொருகியது. கடல்மேல் எழுத்துகள் நனைந்துகொண்டே நடந்தன; கரைக்கு வந்ததும் வழி தெரியாமல் நின்றன. விழித்தபோது கன்னம் ஈரமாயிருந்தது. இன்னும் கோபம்தான் அவனுக்கு என்று நினைத்துக்கொண்டாள்.

"யாருக்குமே மெயில் வரலையாம் தேவி, ஏசுறாங்க!" என்று மருதமுத்து ஓடிவந்த பிறகுதான், சர்வர் நடந்ததையெல்லாம் குறித்துவைக்கும் லாக் ஃபைலைத் திறந்தாள். யார் வேண்டுமானாலும் மாற்றக்கூடிய ஃபைலை நம்பமாட்டேன் என்று மெயில் சர்வீஸ் எழும்பவே மறுத்திருந்தது. அடக் கடவுளே! பெர்மிஷன்களை ஒவ்வொன்றாகப் பழையபடி இறுக்கி, சர்வீஸைக் கிளப்பினாள். எங்கெங்கோ காத்துக்கிடந்த மெயில்கள் சொட்டுச் சொட்டாய் இறங்கின.

அதில் ஒன்று சிங்கப்பூரிலிருந்து அண்ணன் போட்டது. "பாப்பா, நாளைக்குக் கப்பல் நம்மூர் பக்கத்துல சுங்கை ஊடாங் துறைமுகத்துல நிக்கும். பொழுது சாயிற வரைக்கும் துறைமுகக் கேட்டுக்கிட்ட நிப்பேன். வரலன்னா ஒனக்குக் கோவம் தீரலன்னு போயிருவேன்."

தேதியைப் பார்த்தாள். அவன் சொன்ன 'நாளை' நேற்றே முடிந்திருந்தது.

மழையில் கேட்டருகே நின்றிருப்பானே என்று வாய்விட்டு அழுதாள். அப்புறம், அடுத்த துறைமுகத்திலாவது படிக்கட்டும் என்று எழுத உட்கார்ந்தாள்.

"அண்ணே, கோவமெல்லாம் இல்ல. ஊருக்கே தொறந்து விட்டேன், அதனாலதான் நீ வந்தது எனக்குத் தெரியல."