இடுப்பளவுத் தண்ணீர்

"ஒரே வார்த்தை சொல்லு எல்சி. தண்ணி வருமா, வராதா?"

மேஜை மேல் குனிந்து கேட்டார் தண்டபாணி. வெள்ள எச்சரிக்கை தயாரிக்கும் அந்தத் திருவொற்றியூர் அலுவலகத்தின் மேலதிகாரி அவர். ஐந்து மணிக்குப் புழல் ஏரியின் மதகைத் திறக்கிறார்கள். நான்கு மணிக்குள், ஆற்று முகத்துவாரத்தை ஒட்டிய கத்திவாக்கத்துக்குத் தகவல் போயாக வேண்டும்.

"ஆயிரத்துல நானூத்திப் பத்து தடவை வருது சார்."

"இது ஒரு பதிலா?"

எல்சியிடம் இருந்த பதில் அதுதான். மழைக்கு ஒன்று, ஏரிக்கு ஒன்று, கடலுக்கு ஒன்று என மூன்று கணினி மாதிரிகள். முன்பெல்லாம் ஒன்று அடுத்ததிடம் ஒற்றை எண்ணைக் கொடுத்துவிட்டு ஒதுங்கிக்கொள்ளும். எல்சி எழுதிய புரோகிராம், எண்ணோடு அதன் சந்தேகத்தையும் கைமாற்றியது. மழை இவ்வளவு பெய்யலாம், ஏரி இவ்வளவு விடலாம், கடல் இவ்வளவு எதிர்க்கலாம் என்று ஆயிரம் முறை ஓட்டிப் பார்த்து, எத்தனை முறை தெருவில் தண்ணீர் ஏறுகிறது என்று எண்ணும்.

போன வருடம் அறுநூறு என்றது. இருநூறு குடும்பங்கள் பள்ளிக்கூடத்துக்கு ஓடின. ஒரு சொட்டு ஏறவில்லை. திரும்பி வந்து பார்த்தால் கரையில் போட்டிருந்த வலைகளைக் காணோம்.

இந்த முறை முகத்துவாரத்து அளவுமானி வேறு இரண்டு நாளாகச் செத்துக் கிடந்தது. எல்சி போனை எடுத்தாள். கெங்கம்மாவுக்குப் பிழைப்பே அங்கே கையால் தடவி இறால் பிடிப்பதுதான்.

"அக்கா, எங்க கீற?"

"ஆத்தாண்டதான். இன்னாம்மே, மறுபடியும் எங்கள ஓட வுடப் போறியா?"

"தண்ணி எவ்ளோ நிக்குது?"

"இன்னிக்கி குந்தவே முடியல. நின்னாலே இடுப்புக்கு வருது."

எல்சிக்குச் சுருக்கென்றது. தண்ணீர் வற்றும் நேரம் இது. இறாலைப் போடும் ஓலைக் கூடையான பறியைப் பல்லில் கடித்துக்கொண்டு, தண்ணீரில் உட்கார்ந்தபடியே நகர்ந்துதான் இறால் பிடிப்பார்கள். வற்றவில்லை என்றால் முகத்துவாரத்தை மணல் அடைத்திருக்கிறது; ஏரித் தண்ணீர் கடலுக்குப் போக வழியில்லை.

கெங்கம்மா நாலே முக்கால் அடி. இடுப்பு என்றால் இரண்டே முக்கால். ஒரு சாண் கூடலாம், குறையலாம். அந்த ஒரு சாணையும் சேர்த்தே புரோகிராமிடம் கொடுத்தாள். மறுபடி ஆயிரம் ஓட்டம்.

தொள்ளாயிரத்து இருபது.

"எறா புடிக்கிற அம்மாவோட இடுப்பை ரிப்போர்ட்ல எப்படிம்மா எழுதறது?" என்றார் தண்டபாணி. "உன் பேர்லயே அனுப்பிக்கோ. போன வருஷம் மாதிரி ஆச்சுன்னா இந்த ரூமையே பூட்டிடுவாங்க."

அனுப்பினாள். பத்தாவது நிமிடம் கெங்கம்மா கூப்பிட்டாள்.

"ஒருத்தரும் நவுர மாட்டேன்றாங்க. நீ வா. எங்களோட ஸ்கூல்ல வந்து குந்து. தண்ணி வர்ற வரிக்கும் வூட்டுக்குப் போவக் கூடாது. சரின்னா வரோம்."

ஆறு மணிக்குப் பள்ளிக்கூடம் நிரம்பியது. இந்தத் தடவை வலைகளையும் சுருட்டித் தூக்கி வந்திருந்தார்கள். ஈர வலைக் குவியல்களுக்கு நடுவே எல்சி. வாசற்படியில் கெங்கம்மா, குறுக்கே காலை நீட்டிக்கொண்டு.

மழை விட்டது. ஏழு மணிக்கு மேகமும் கலைந்தது.

"வானமே உன்ன கலாய்க்குது பாரு," என்றது ஒரு குரல். சிரிப்பு அறை முழுக்கப் பரவியது.

ஆயிரத்தில் எண்பது முறை தெரு காய்ந்தே கிடக்கும். அந்த எண்பதில் ஒன்றுக்குள்தான் உட்கார்ந்திருக்கிறோமோ? எல்சி ஜன்னல் வழியாகத் தெருக்குழாயின் சிமென்ட் மேடையையே பார்த்துக்கொண்டிருந்தாள். வந்துவிடு, வந்துவிடு என்று உதடு முணுமுணுத்தது.

ஏழே முக்காலுக்கு, தெருவிளக்கு வெளிச்சத்தில் மேடையின் அடி கறுத்தது. பிறகு மேடையையே காணவில்லை.

"அப்பாடா."

வாய்விட்டே சொல்லிவிட்டாள். சிரிப்பு நின்றது. எல்லோரும் அவளைப் பார்த்தார்கள். அந்தத் தெருவில் ஆற்றை ஒட்டிய முதல் வீடு கெங்கம்மாவுடையது.

கெங்கம்மா மெதுவாக எழுந்து காலுக்குக் கீழே பார்த்தாள். தண்ணீர் முதல் படியை நக்கிக்கொண்டிருந்தது.

"வந்துடுச்சுல்ல," என்றாள். "இப்ப நீ வூட்டுக்குப் போ."

எல்சி வாசல்வரை வந்தாள். ரோடு இருந்த இடம் தெரியவில்லை. கெங்கம்மா மறுபடி உட்கார்ந்து, சற்று நகர்ந்து இடம் விட, அந்தப் படியிலேயே எல்சி அவள் பக்கத்தில் உட்கார்ந்தாள்.